மாப்பிள்ளை, ராஜினாமாவுக்கு முன்னால் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

சித்தூர், பஜார் தெரு
வெள்ளிக்கிழமை, வியாபாரம் இல்லாத மத்தியானம்

சகல ஐசுவரியங்களும் பெற்று சத்தியவேட்டில் என் மகளோடு குடித்தனம் நடத்தும் மாப்பிள்ளை அஷ்வின் அவர்களுக்கு, மாமனார் சிவசங்கரன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ‘சகல சம்பத்தும்’ என்று எழுதுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அந்தச் சொல்லை ஏன் விட்டேன் என்பது கீழே தெரியும். இவ்விடம் உங்கள் அத்தை பச்சையம்மாள் சௌக்கியம். கடை வாசலில் படுத்திருக்கும் நாய் சௌக்கியம். அந்த வரிசையில் என்னையும் சேர்த்து எழுதிவிடலாமா என்று பார்த்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை. அவ்விடம் உங்கள் சௌக்கியத்துக்கும், மோகனப்ரியாவின் சௌக்கியத்துக்கும், முக்கியமாக ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் உங்களுக்கு இருக்கிற உத்தியோகத்தின் சௌக்கியத்துக்கும் உடனே பதில் போடவும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லிப் பார்த்தேன். ‘டிராப்ஷிப்பிங்’ என்று நான் வாயெடுத்ததும் உங்களுக்கு டவர் போய்விட்டது. ‘வளைகாப்புக்கு எத்தனை பேர் வருவீர்கள்’ என்றதும் டவர் வந்துவிட்டது. தவிர, மாப்பிள்ளையிடம் மாமனார் குரலை உயர்த்தக் கூடாது. தாளில் உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்பதால் தாளை எடுத்தேன். எங்கேயாவது உயர்ந்திருந்தால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை மோகனப்ரியா போன் செய்தாள்.

“நைனா, இவரு வேலய உட்டுட்டு ஆன்லைன்ல கட போடப் போறாராம்.”

“போடட்டுமேம்மா. சரக்குக்கு நான் இருக்கேன்.”

“சரக்கே வேணாமாம் நைனா. ஏதோ கம்பெனி கீதாம். ஆர்டர மட்டும் நாம்ப புடிச்சா போதுமாம், மிச்சத்த அவங்களே பாத்துக்குவாங்களாம். ஒண்ணாந்தேதி ராஜினாமா குடுக்கறாரு.”

நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஒரு குக்கர் இருந்தது. அதுவும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனி அனுப்பி, கோயம்புத்தூர் வரை போய், மூடி சேராமல் என் தலைக்கே திரும்பி வந்த குக்கர்தான். வலியோடுதான் எழுதுகிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, அந்தத் தொழிற்சாலையில் நீங்கள் செய்கிற வேலை என்ன? காருக்குப் போகிற பாகத்தைக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்கி வைக்கிற வேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு டம்ளரையே நீங்கள் அப்படித்தான் திருப்பிப் பார்த்தீர்கள். உங்கள் அத்தைக்குக் கோபம் வந்தது, எனக்குப் பிடித்துவிட்டது. அப்பேர்ப்பட்ட கண் உள்ள நீங்கள், பார்க்காத சரக்கை, பார்க்காத ஆளை நம்பி, பார்க்காத வாடிக்கையாளருக்கு விற்கப் போகிறேன் என்கிறீர்கள். நான் விற்றேன். விற்றவன் எழுதுகிறேன், படியுங்கள்.

முதலில் ஒன்று. நான் ஏமாளி இல்லை. என் நைனா பலமனேர் சந்தையில் மாட்டுத் தரகர். நான் பிளாஸ்டிக் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மொகிலி மலைப்பாதையில் ஏறியும் இறங்கியும் விற்று, பிறகு ஒரு பெட்டிக்கடை போட்டு, பிறகு பஜார் தெருவில் பாத்திரக்கடை போட்டவன். எனக்கு ஓட்டைப் பாத்திரம் விற்றவன் இந்தத் தெருவில் யாரும் கிடையாது. விற்க வந்து, பேசிப் பார்த்துவிட்டு, என்னிடமே நல்ல பாத்திரம் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. நானே விழுந்தேன் என்றால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

மாம்பழ சீசன் முடிந்து, பழக்கூழ் எடுக்கிற பல்ப் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகளெல்லாம் ஓய்ந்து, கடையில் நானும் எடைத்தராசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் சம்பத் என்று ஒருவர் வந்தார். (சொன்னேன் அல்லவா, அந்தச் சொல்.) இஸ்திரி கலையாத சட்டை, தோள்பை, நெற்றியில் திருநாமம். சர்வதாரா டிராப்ஷிப் சர்வீசஸ் என்ற கம்பெனியின் ஏஜென்ட் என்றார். “சார், மீரு பாத்திரம் விக்கிறீங்க. மொதல்ல அத வாங்கணும், அடுக்கணும், தொடைக்கணும், பரண்ல ஏத்தணும். எதுக்கு சார் இந்தத் தலைவலி? மீகு பேரு இருக்குது, மாகு சரக்கு இருக்குது” என்றார், பேர் என்னுடையது, சரக்கு அவர்களுடையது என்று. கம்பெனியே எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுக்குமாம். என் கடைப் பெயரில் ஆர்டர் வருமாம். நான் ஒரு பட்டனைத் தட்டினால், கம்பெனி தன் கிடங்கிலிருந்து என் பெயர் ஒட்டி நேரே வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புமாம். என் கையில் தூசிகூடப் படாதாம். வருஷச் சந்தா மட்டும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம்.

சந்தாவைச் சொன்னார். நான் அதில் கால்பாகம் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “சார், இந்த ரேட்டுக்குக் கம்பெனி வாசல்ல கோலம்கூடப் போட மாட்டாங்க” என்றார். “அப்போ எந்திரிங்க” என்றேன். எழுந்தார். வாசல்வரை போனார். செருப்பில் ஒரு காலை விட்டார். இன்னொரு காலை விடவில்லை. அடடா என்று நினைத்துக்கொண்டேன் மாப்பிள்ளை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ‘ஃபிக்ஸட் பிரைஸ்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தெரியும். இவருக்கு எப்போது எழ வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிந்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவரைச் சோதிக்கலாம் என்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, என் கையையும் உள்ளே விட்டேன். பலமனேர் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். எத்தனை விரல், எந்தக் கணு, அழுத்தமா லேசா, அதுதான் பேச்சு. துண்டுக்கடியில் அந்த மனிதர் என் விரலைப் பிடித்தார் பாருங்கள், என் நைனாவே எழுந்து வந்து பிடித்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் பாதி விலைக்கு முடித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் கலங்கியது. அவருக்கு ஏன் கலங்கியது என்று இப்போது யோசிக்கிறேன். கல்லாவுக்கு மேலே நைனா காளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் மாட்டியிருக்கிறதே, வந்ததிலிருந்து அவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தையில் விரல் பிடிப்பது பாதி வியாபாரம்தான் மாப்பிள்ளை. விலை படிந்த பிறகு மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பேரம் அழகாக இருந்தது என்று பல்லைப் பார்க்காமல் கயிற்றைப் பிடித்தவனை நைனா நடுச்சந்தையில் நிறுத்தி வைத்துச் சிரிப்பார். நான் விரலைப் பிடித்தேன். பல்லைப் பார்க்கவில்லை. அவர்கள் சரக்கில் ஒரே ஒரு விளக்கை என் விலாசத்துக்கு வரவழைத்து விரலால் தட்டிப் பார்த்திருந்தால் போதும். கேட்கவும் வாயெடுத்தேன். “உங்களுக்கு எதுக்கு சார் சாம்பிள், கையப் புடிச்சவங்களுக்குள்ள?” என்றார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வெப்சைட் வந்தது. அதில் பித்தளைக் குத்துவிளக்குப் படம் போட்டிருந்தார்கள், உங்கள் அத்தையே பார்த்துவிட்டு “நம்ம கடையில இந்த மாதிரி ஏங்க வெக்கறதில்ல?” என்று கேட்டாள். முதல் ஆர்டர் திருப்பதியிலிருந்து, பாஷ்யம் ஸ்வாமி என்று ஒருவர். கோவிந்தராஜ ஸ்வாமி கோயில் பக்கம் வீடு, பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பேத்தி அலர்மேலுவின் கல்யாணச் சீருக்குப் பெரிய விளக்கு ஒரு ஜோடி கேட்டிருந்தார். பட்டனைத் தட்டினேன். பார்சல் எங்கே இருக்கிறது என்று போனிலேயே காட்டும் என்றார்கள், காட்டியது. கூடூர் என்று காட்டியது. மறுநாளும் கூடூர். அப்புறம் நெல்லூர். அப்புறம் மறுபடி கூடூர். விளக்குக்குக் கூடூரில் சொந்தக்காரர் யாரோ இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு நாள் ஸ்வாமியிடமிருந்து போன் வந்தது.

“சித்தூர் சிவசங்கரன்தானே? விளக்கு வந்தது ஸ்வாமி. ரெண்டு பெட்டி. ரெண்டுலயும் அடிப்பாகம் மட்டும் இருக்கு. தண்டு எங்கே, தட்டு எங்கே, மேலே இருக்கற அன்னம் எங்கே?”

“நல்லாத் தேடிப் பாத்தீங்களா சாமி?”

“அன்னத்தைப் பெட்டிக்குள்ள தேடறதுக்கு அது என்ன கடுகா? நான் சன்னதிக்குப் போறவன், கோபப்படப்படாது. ருக்மணி, நீ இங்கே வா. நீ கோபப்படு.”

அவர் வீட்டம்மாள் வந்தார். நன்றாகவே கோபப்பட்டார். போனைக் காதிலிருந்து எடுத்து எடைத்தராசில் வைத்தேன், தராசு ஆடியது.

அன்று சாயங்காலமே பலமனேரிலிருந்து லட்சுமம்மா போன். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அம்மாள், என் சைக்கிள் காலத்து வாடிக்கை. புது வீடு கிரகப்பிரவேசத்துக்கு அதே விளக்கு கேட்டிருந்தார். “இன்னாண்ணா, ரெண்டு பெட்டிலயும் தலதான் கீது, காலு எங்க? நான் இத கையில புடிச்சிக்கினு பூஜை ரூம்ல நின்னுக்கினே இருக்கணுமா? வர்றவங்க எனக்கில்ல கும்புடு போடுவாங்க?”

எனக்குச் சட்டென்று கணக்குப் புரிந்தது. திருப்பதியில் ரெண்டு கால், பலமனேரில் ரெண்டு தலை. கம்பெனியைக் கேட்டால் முதலில் படம் எடுத்து அனுப்பு, பிறகு பொருளை அனுப்பு, பிறகு பரிசீலனை என்றார்கள். பரிசீலனை முடிவதற்குள் அலர்மேலு புகுந்த வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள். நானே கிளம்பினேன். பலமனேர் போய் ரெண்டு தலையையும் வேட்டியில் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்னத்தின் மூக்கு வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். “ஏமன்னா, ரெண்டு தலகாய மூட்ட கட்டிக்கினு எங்க போற?” என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். விளக்கு என்றேன். “காலு இல்லாத விளக்கா?” கால் திருப்பதியில் இருக்கிறது என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். லக்கேஜுக்குத் தனி டிக்கெட் கிழித்தார்கள்.

பாஷ்யம் ஸ்வாமி வீட்டில் ரெண்டையும் வைத்துத் திருகினேன். சேரவில்லை. அடிப்பாகம் ஒரு பட்டறை, மேல்பாகம் வேறு பட்டறை. மரை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. துணி சுற்றித் திருகினேன். நின்றது. அன்னத்துக்குக் கழுத்துச் சுளுக்கு வந்த மாதிரி சாய்ந்து நின்றது. ஸ்வாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதை ஏத்தினா திரி பாயசத்துல விழும்” என்றார். ருக்மணி அம்மாள் காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை ஏணியைக் கொண்டுவந்து வைத்தாள். “பரண்ல பாருங்க, போன வருஷம் வாங்கி வெச்ச வெளக்கு நாலு ஜோடி தூங்கினு கீது” என்றாள். இருந்தது மாப்பிள்ளை! கனமான, தட்டினால் மணி மாதிரி நாதம் வருகிற என் சொந்தச் சரக்கு, பேப்பர் சுற்றியபடி என் தலைக்கு மேலேயே இருந்தது. அதைப் பரணில் போட்டுவிட்டு நான் கீழே உட்கார்ந்து எவனோ ஒருவன் சரக்குக்குப் பட்டன் தட்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் ஒரு ஜோடி திருப்பதிக்கு, ஒரு ஜோடி பலமனேருக்கு, மறுபடி பஸ், மறுபடி லக்கேஜ் டிக்கெட். சரக்கைத் தொடவே வேண்டாம் என்று சொன்ன வியாபாரத்தில் சேர்ந்த பிறகுதான் நான் வாழ்க்கையிலேயே அதிகமாகச் சரக்குத் தூக்கினேன். சைக்கிள் காலத்தில்கூட இவ்வளவு இல்லை. சைக்கிளாவது கூட வந்தது.

இத்தோடு போயிருந்தால் கண் திருஷ்டி என்று விட்டிருப்பேன். ஆனால் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. கம்பெனி அனுப்புகிற பெட்டியில் அனுப்புநர் என்று என் கடை விலாசம் ஒட்டியிருக்கிறது அல்லவா? பிடிக்காதவர்களெல்லாம் எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். சரி, என் வாடிக்கை, என் பாவம். ஆனால் வந்ததில் நான் விற்ற சாமான் பாதிகூட இல்லை. நடந்தால் சத்தம் போடுகிற செருப்பு வந்தது, குழந்தைகளுடையது அல்ல, பெரியவர்களுடையது. கைப்பிடி இல்லாத குடை வந்தது. கடப்பாவிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். முடி வளர எண்ணெய் வாங்கினாராம், தொப்பியைக் கழற்றிக் காட்டினார். நான் எண்ணெயே விற்கவில்லை ஐயா என்றால், பாட்டிலில் இருக்கிற என் கடைப் பெயரைக் காட்டுகிறார். உங்கள் அத்தை அவருக்கு மோர் கொடுத்து, “இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, அப்படியே திருப்பதி மலைக்கும் போயிட்டு வந்துடுங்க. முடி காணிக்கை குடுத்தேன்னு சொன்னா ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க” என்று சமாதானம் சொல்லி அனுப்பினாள். அப்புறம்தான் புரிந்தது. சர்வதாரா கம்பெனி தன்னிடம் சேர்ந்த எல்லா வியாபாரிகளின் பெட்டிக்கும் என் விலாசத்தையே ஒட்டியிருக்கிறது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் யார் யாரோ விற்ற உடைசலுக்கெல்லாம் பஜார் தெரு சிவசங்கரன் கடைதான் சுடுகாடு.

கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டு வரும். அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் அத்தை கத்தரிக்காய் நறுக்கும்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள். ஒரே ஒரு நாள் பாட்டு நின்று ஒரு பெண் பேசியது. “உங்க ஃபீலிங் எனக்கு நல்லாப் புரியுது சார்.” “எனக்கு ஃபீலிங் வேணாம்மா, வெளக்குக்குக் காலு வேணும்.” “உங்க காலை ரெஜிஸ்டர் பண்ணிட்டேன் சார்” என்று வைத்துவிட்டது. மறுநாளிலிருந்து பாட்டும் இல்லை. சம்பத்தின் நம்பரும் அணைந்துவிட்டது.

ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். தலைமை அலுவலகம் திருப்பதி, காந்தி ரோடு என்று கதவு எண்ணோடு போட்டிருந்தது. கையெழுத்துப் போடும்போது படித்ததுதான், போய்ப் பார்க்கவில்லை. இப்போது போனேன். அங்கே ஒரு ஸ்கூல் பேக் கடை. கல்லாவில் கனத்த சரீரமாக ஒருவர். நான் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சர்வதாரா ஹெட் ஆபீஸ் இதுதானே?” என்றேன்.

அந்த மனிதர் மெதுவாக எழுந்தார். கல்லாவைப் பூட்டினார். வெளியே வந்தார்.

“வாய்யா வா. பேரு?”

“சித்தூர் சிவசங்கரன்.”

“நீதானா! சித்தூர் ஹெட் ஆபீஸ்! உன்னத்தான்யா தேடிக்கினு கீறேன்!”

“நான் எங்கய்யா ஹெட் ஆபீஸ்? நீதான்யா ஹெட் ஆபீஸ்!”

“நீ அனுப்பின பேக்குல ஜிப்பு கீது, தொறக்க வாயி இல்ல!”

“நீ அனுப்பின வெளக்குல மூக்கு கீது, நிக்க காலு இல்ல!”

கூட்டம் கூடிவிட்டது. பூக்காரம்மா ஒருத்தி, “இன்னாடி அங்க சண்ட?” என்று கேட்டவளுக்கு, “ரெண்டு ஹெட் ஆபீசு அடிச்சிக்குதுடி” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே ஓடித் தன் ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்து என் முகத்தில் நீட்டினார். தலைமை அலுவலகம், சித்தூர், பஜார் தெரு. என் கடைக் கதவு எண். நான் என் தாளை அவர் முகத்தில் நீட்டினேன். ரெண்டு பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். பிறகு ரெண்டு பேரும் கடைப் படியில் உட்கார்ந்தோம். பெயர் ஜெபகுமார். நல்ல மனிதர். அவரே டீ சொன்னார்.

“உங்கள எப்படிங்க புடிச்சான்?” என்று கேட்டார். துண்டுக் கதையைச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். “என்கிட்ட ஜெபம் பண்ணான்யா. கண்ண மூடி, ரெண்டு கையும் ஏந்தி, என் வியாபாரத்துக்கு, என் பிள்ளைங்களுக்கு, என் முட்டி வலிக்குக்கூட ஜெபம் பண்ணான். நான் ஆமென்னு சொல்லிக் கண்ணத் தொறந்து நேரா கையெழுத்துப் போட்டேன்.” என்னிடம் வந்தவர் திருநாமத்தோடு வந்தார் என்றேன். “என்கிட்ட வர்றப்ப தொடச்சிக்கினு வந்திருப்பான்” என்றார். பிறகு சந்தா எவ்வளவு கொடுத்தார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். சொன்னார். நான் கொடுத்ததைவிடக் குறைவு. ஒரு வார்த்தை பேரம் பேசாமலே குறைவு. மாப்பிள்ளை, கடைப் பெயர் போனது வலிக்கிறது, ஊர் சிரித்தது வலிக்கிறது. ஆனால் அந்த டீ மட்டும் இன்றுவரை எனக்குத் தொண்டையில்தான் நிற்கிறது.

ரெண்டு பேரும் போலீசுக்குப் போனோம். எழுதிக்கொண்டவர் பொறுமையானவர். யார் மேல் புகார், விலாசம் என்ன என்றார். என் தாளில் இருக்கிற விலாசம் ஜெபகுமாருடையது. அவர் தாளில் இருக்கிறது என்னுடையது. இருக்கிறதைத்தானே எழுத முடியும்? இன்றைய தேதிக்கு ரெக்கார்டுபடி நான் ஜெபகுமார் மேலும் ஜெபகுமார் என் மேலும் புகார் கொடுத்திருக்கிறோம். ஒரே ஆட்டோவில் அவர் கடைக்குத் திரும்பினோம்.

இப்போது உங்கள் விஷயம். ‘மாமா சேந்தது வேற கம்பெனி, இது வேற’ என்று மோகனப்ரியாவிடம் சொன்னீர்களாம். பெயர் வேறாகத்தான் இருக்கும் மாப்பிள்ளை. ஒழுங்காக நடத்துகிறவர்களும் எங்கேயோ இருப்பார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒழுங்கானவன் சாம்பிள் கேட்டால் முகம் சுளிக்க மாட்டான். விற்கப் போகிற ஒவ்வொன்றையும் முதலில் உங்கள் வீட்டுக்கு, வேறு சொந்தக்காரர் பெயரிலாவது, காசு கொடுத்து வரவழையுங்கள். வருவதற்கு எத்தனை நாள், எந்தப் பெட்டி, பெட்டிமேல் யார் விலாசம் என்று பாருங்கள். படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த விளக்குப் படம் கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவருடையது என்று பிற்பாடு தெரிந்தது, அவரும் தேடிக்கொண்டிருக்கிறார். சேர்ந்து லாபம் பார்த்தவர்கள் என்று அவன் கொடுக்கிற நம்பருக்குப் பேசாதீர்கள், அது அவன் மச்சானாக இருக்கும். அவன் கொடுக்காத வியாபாரியை நீங்களாகத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். திரும்பி வருகிற சரக்கு யார் வீட்டு வாசலில் இறங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வருஷத்துக்குப் பணம் முன்னால் கேட்டால் அந்த வருஷமே அவனிடம் இல்லை என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. நம்பரைச் சரிபாருங்கள். விலாசத்துக்கு உங்கள் சொந்தக் காலால் நடந்து போங்கள். அங்கே பேக் கடை இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. அவன் உங்களை எதைக் காட்டிப் பிடித்தான் என்று யோசியுங்கள். என்னைத் துண்டு, ஜெபகுமாரை ஜெபம். உங்களிடம் துண்டு போட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்களிடம் கட்டம் கட்டமாக, கலர் அடித்த எக்ஸல் ஷீட் காட்டியிருப்பான். ஆமாம் என்றால் அங்கேதான் உங்கள் துண்டு இருக்கிறது.

வாடிக்கையாளர் கம்பெனியைத் திட்ட மாட்டார் மாப்பிள்ளை, கம்பெனியை அவர் பார்க்கவே இல்லை. பெட்டிமேல் இருக்கிற பெயரைத்தான் திட்டுவார். இன்டர்நெட்டில் என் கடைப் பெயரைத் தட்டிப் பாருங்கள். ‘மோசடிக்காரர்கள், அட்டைப்பெட்டி மட்டும் நல்ல தரம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதுதான் வந்ததிலேயே நல்ல வார்த்தை. நேற்று லட்சுமம்மா கடைக்கு வந்து ஒரு இட்லிப் பானை எடுத்தார். மூடியைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். நான் சைக்கிளில் குடம் விற்ற நாளிலிருந்து என்னிடம் எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்கியவர். நான் கல்லாவில் குனிந்துகொண்டேன்.

மோகனப்ரியாவுக்கு வளைகாப்பு வருகிறது. அதற்கப்புறம் வீட்டில் இன்னொரு ஜீவன் வரப்போகிறது. ஸ்ரீ சிட்டி பஸ் காலையில் வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போகிறது, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறது, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் எந்த வெப்சைட்டிலும் பார்க்கவில்லை. ஒண்ணாந்தேதி அந்தத் தாளைக் கொடுத்துவிடாதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். மாமனார் மாப்பிள்ளையிடம் கெஞ்சுவதும் எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. வழக்கமெல்லாம் இந்த வருஷம் அப்படித்தான் போய்க்கினு இருக்குது.

நீங்கள் தொட்டது துலங்கட்டும், தொடாததைத் தொட வேண்டிய அவசியம் வராமல் இருக்கட்டும், என் மகள் உங்கள் சம்பள நாளில் சிரித்த முகத்தோடு இருக்கட்டும் என்று ஏழுமலையானைக் கும்பிட்டு ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்,
சிவசங்கரன்

பின்குறிப்பு (தனித்தாளில்): மேலே உள்ளதை மடித்து உறையில் போடுகிற நேரத்தில் ஜெபகுமார் திருப்பதியிலிருந்து வந்துவிட்டார். இந்த வாரம் அவர் கடைக்கு நெல்லூர், வேலூர், காளஹஸ்தி என்று ஏமாந்த வியாபாரிகள் வரிசையாக வந்து சண்டை போட்டார்களாம். சண்டை போட்டுவிட்டு டீ குடித்தார்களாம். டீ குடித்தபோது ஒருவர், “சித்தூராருக்குச் சரக்கு தெரியும், உங்களுக்கு ஜனம் தெரியும், எல்லாரும் உங்களத்தான் ஹெட் ஆபீசுங்கறாங்க, நீங்களே ஏன் நடத்தக் கூடாது?” என்று கேட்டாராம். நான் முடியவே முடியாது என்றேன். உங்கள் அத்தை காபி கொண்டுவரும்வரை முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்மையான டிராப்ஷிப்பிங் சர்வீஸ், மாப்பிள்ளை! எதில் என்ன தப்பு நடக்கும் என்று எங்கள் ரெண்டு பேரை விட யாருக்குத் தெரியும்? மூன்று பேர் வருஷச் சந்தா கொடுத்துவிட்டார்கள். பித்தளைச் சரக்கு வடக்கே மொராதாபாத்திலிருந்து வருகிறது. நானும் இன்னும் பார்க்கவில்லை, படம் நன்றாக இருக்கிறது. வந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும். ராஜினாமாவை ஒண்ணாந்தேதி வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே கொடுக்க முடியுமா என்று விசாரிக்கவும். இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு, மேலே உள்ள கடிதத்தை மட்டும் மோகனப்ரியாவிடம் கொடுங்கள். நைனா நல்ல புத்தி சொல்லியிருக்கிறார் என்று கொஞ்ச நாளைக்காவது சந்தோஷமாக இருக்கட்டும்.